பிளக்ஸில் செத்துப்போன அப்பா

எனக்குப் பால்கோவா பிடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால், கேட்கிறவர்கள் நான் என்னவோ குலதெய்வத்தைப் பழித்துவிட்டது போலப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது பெட்டியைத் திறந்து நீட்டினால் "எனக்குச் சுகர் இருக்கு" என்று பொய் சொல்லிவிடுகிறேன். இந்த வயசிலேயா என்று பரிதாபப்படுகிறார்கள். பட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் கரண்டி என் வாய்க்குள் நுழைந்த கதையை ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு யாராவது உதவ வந்தால், கொடுத்தோம் போனோம் என்று காரியம் முடியாது. கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும். வாசலில் பிளக்ஸ் கட்ட வேண்டும். வாங்குகிற பிள்ளைகளை மேடையில் வரிசையாக உட்காரவைக்க வேண்டும். கொடுக்கிறவர்களுக்குச் சால்வை போர்த்த வேண்டும், மைக்கில் மாற்றி மாற்றிப் புகழ வேண்டும். கடைசியில் எங்களுக்கு உதவ வந்த அறக்கட்டளைக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. "வாயை இனிப்பாக்கி அனுப்புறது" என்பார்கள். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் பால்கோவா, அதில் ஒரு கரண்டி. பெரிய மனிதர் ஒருத்தர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாயில் ஊட்டிக்கொண்டே போவார். போட்டோ சரியாக விழும்வரை பிள்ளை வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும். அதே கரண்டி அடுத்த வாய்க்குப் போகும். பச்சைப் பிள்ளைக்குக்கூட எச்சில் பார்த்து ஊட்டுகிற ஊரில், ஏழைப் பிள்ளைகளின் எச்சிலைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒரு யோசனையும் வந்ததில்லை.

நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அது. எங்கள் வீடு தளவாய்புரத்தில். அம்மா நைட்டி தைக்கிற யூனிட் ஒன்றில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனில் லோடுமேன். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பாவுக்கு வாய் நிற்காது. பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், குடோனுக்கு வருகிற டிரைவர் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் என் மார்க்கைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. கெமிஸ்ட்ரி என்ற வார்த்தையை அவர் கேட்டுக் கேட்டுப் பழகி, குடோனில் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அந்தப் படிப்புதான் வேண்டும் என்று இருந்தது. லேபில் குழாய்க்குள் நீல நிறம் திடீரென்று வந்து நின்றதைப் பார்த்த நாளிலிருந்தே அந்த ஆசை.

அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ரேங்க் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. கலந்தாய்வுக்குக் கூப்பிடுகிற நாளில் அசல் சான்றிதழ்களோடு போய் நின்றால் சீட்டு கிடைக்கும். பெயரை வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். சீட்டு கிடைத்தாலும் மூன்று வருஷத்துக்குப் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் பரீட்சைக்கும் என்ன செய்வது என்ற கவலை மிச்சம் இருந்தது. செட்டியார்பட்டியில் அம்மாவுக்குத் தெரிந்த ஒருத்தி சொல்லித்தான் அந்த அறக்கட்டளையைப் பற்றித் தெரியவந்தது.

விசாரிப்பதற்கு அதன் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, செருப்பை வாசலில் விடுவதற்கே கொஞ்சம் யோசிக்கிற முகம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அம்மா கொடுத்த காபியை வாங்கி, குடிக்காமல் வீட்டில் அம்மா வைத்திருந்த தையல் மிஷின் மேலேயே வைத்துவிட்டார். கூரையில் ஒழுகின கறையை செல்போனில் படம் எடுத்தார். டிவி படத்தில் விழுகிறது என்று அதன் மேல் ஒரு சேலையைப் போடச் சொன்னார். வறுமை அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்படிப் பயந்ததை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

அப்பா பின்னால்தான் நின்றார். "இருக்கேன் சார்."

செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த வருசம் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமைன்னு கமிட்டியில முடிவு. கொடுக்கிறவங்களுக்கும் மனசு இளகணும்ல. மார்க் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா இருக்காரே."

அப்பாதான் வழக்கம்போல வாயைத் திறந்தார். "அதுக்கென்ன சார், நான் இல்லைன்னே வச்சுக்கிடுங்க."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், எதையும் சிரிப்பில்தான் முடிப்பார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "அப்படின்னா சரி" என்று தலையாட்டிவிட்டு, கமிட்டி பார்க்க வேண்டும் என்று என்னுடைய அசல் மார்க் ஷீட்டையும் மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார். விழா மேடையில் ஒரு பைலில் வைத்துத் திருப்பித் தருவோம் என்றார். உயிரோடு இருக்கிற ஒரு மனிதனை, அவன் வீட்டிலேயே, அவன் முன்னாலேயே சாகடித்துவிட்டு, அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வீடியோ எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். அம்மா மிஷினில் தைப்பது போல எடுக்க வேண்டுமாம். கேமராக்காரன் நயமாகத்தான் கேட்டான்: "அக்கா, பொட்டை மட்டும் செத்த நேரம் எடுத்துட்டு உக்காருங்களேன். தாலியையும் உள்ள விட்டுக்கிடுங்க."

அம்மா பெடலில் இருந்து காலை எடுத்தாள். எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பேப்பர்ல என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க தம்பி. இதுல கைய வச்சா மிஷினத் தூக்கி ஒங்க தலையில போட்டுருவேன்" என்றாள். அப்புறம் அவர்கள் அம்மாவின் கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவை இன்றைக்கும் யாரோ ஒருத்தர் வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். சோகமான புல்லாங்குழல் இசை, நைட்டித் துணி தள்ளுகிற இரண்டு கைகள். முகமே இல்லை.

கலந்தாய்வுத் தேதி செல்போனுக்கு வந்தது. விழா நாளும் அதுவும் ஒன்று. செயலாளருக்கு போன் போட்டேன். சான்றிதழை முன்னாலேயே கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "மேடையிலதான்மா கொடுக்கணும். அதுக்குத்தானே விழாவே" என்றார். "காலையிலேயே ஆரம்பிச்சுருவோம். முதல்ல உனக்குத்தான் கொடுக்கச் சொல்றேன். என் கார்லயே கொண்டுபோய் விடச் சொல்றேன், போதுமா?" போதும் என்றுதான் நினைத்தேன். பெரிய மனிதர்கள் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள் என்று நம்புகிற வயசு எனக்கு.

அன்று காலையில் அம்மா யூனிட்டில் லீவு சொல்ல முடியாமல் வேலைக்குப் போய்விட்டாள். நானும் அப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். குடோன் கூட்டாளி ஒருத்தர் அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி பேல் கட்டுகளை இறக்க லோடு ஆட்டோ எடுத்துப் போகிறார் என்று அதில் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். மண்டபம் வந்ததும் பேச்சு நின்றது.

வாசலில் அந்த பிளக்ஸ். மண்டபத்தின் உயரத்துக்கு இருந்தது. நடுவில் அறக்கட்டளைத் தலைவரும் சிறப்பு விருந்தினரும் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார்கள். கீழே ஓரமாக எங்கள் முகங்கள், ரேஷன் கார்டு போட்டோ அளவில். என் முகத்துக்குக் கீழே "தந்தையை இழந்த மாணவி" என்று சிவப்பில் எழுதியிருந்தது. அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அவர் வாசித்து முடிக்கிறவரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுத்து நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். பிறகு, "நான் உள்ள வரலட்டி. யாராச்சும் கேட்டா ஒனக்குத்தான் சங்கடம். இங்கன வண்டிகிட்ட நிக்கேன்" என்றார். மகளின் விழாவுக்கு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மனிதர், பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். எனக்கு அப்போதே திரும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் என் சான்றிதழ்கள் உள்ளே இருந்தன.

மேடையில் எங்களை உட்காரவைத்தார்கள். மேஜையில் பைல்கள் அடுக்கியிருந்தன. கெட்டி அட்டை, பளபளப்பு. ஒவ்வொன்றின் மேலும் அந்தந்தப் பிள்ளையின் போட்டோ, பெயர், அதே சிவப்பு எழுத்து. என்னுடையது கைக்கு எட்டும் தூரத்தில் மேலேயே இருந்தது. எழுந்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் உதவி வாங்க வந்த பிள்ளை மேடையில் எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. முழங்காலைச் சேர்த்து, கையை மடியில் வைத்து, லேசாகத் தலையைக் குனிந்து.

எனக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியத்துப் பெண். அவளுக்கும் அன்றைக்கே, அதே கல்லூரியில் கலந்தாய்வு. காமர்ஸ் கேட்டிருந்தாள். அவள் மெதுவாக என்னிடம் கேட்டாள், "ஒங்க அப்பா எப்படி எறந்தாக?"

"உடம்பு சரியில்லாம" என்றேன்.

"எங்கப்பா தோட்டத்துல மோட்டார் போடப் போனாரு. கரண்ட் அடிச்சுருச்சு" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையாகவே அப்பா இல்லாத பிள்ளை, உயிரோடு வாசலில் அப்பாவை நிறுத்திவைத்திருக்கிற எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவள் கை சூடாக இருந்தது.

ஆரம்பிக்க வேண்டிய நேரம் போனது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. "வந்துக்கிட்டே இருக்காக" என்று மைக்கில் சொன்னார்கள். ஒருத்தர் எழுந்து தலைவரைப் புகழ்ந்தார். தலைவர் எழுந்து செயலாளரைப் புகழ்ந்தார். செயலாளர் இருவரையும் புகழ்ந்துவிட்டு, கல்விதான் ஏழைகளின் ஒரே சொத்து, அது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே நாங்கள் உழைக்கிறோம் என்றார். அவருக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி எதிர்த் திசையில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே இந்நேரம் பெயர் வாசிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

நேரத்தை ஓட்ட வேண்டும் என்று போட்டோகிராபர் ஒரு யோசனை சொன்னார். விருந்தினர் வருவதற்குள் தலைவரை வைத்துச் சில படங்கள் எடுத்துவிடலாமாம். கிண்ணம் வந்தது. தலைவர் கரண்டியை எடுத்தார். எனக்கு முன்னால் இருந்த மூன்று பிள்ளைகளின் வாய்க்குள் போய்விட்டு அது என்னிடம் வந்தது. அதன் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. நான் உதட்டை இறுக்கினேன். "ஆ காட்டும்மா" என்றார் தலைவர், நாய்க்குட்டியிடம் பேசுகிற குரலில். பிளாஷ் அடித்தது. "சார், கண்ணு மூடிட்டீங்க, இன்னொருக்க" என்றார் போட்டோகிராபர். இன்னொரு முறை. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். நெய்யும் பாலும் யாருடைய வெற்றிலை வாசமோ எல்லாம் சேர்ந்த ஒரு ருசி. இன்றைக்கும் நினைத்தவுடனே நாக்கின் அடியில் வருகிறது. தூ.

அதை விழுங்கிவிட்டு எழுந்து செயலாளரிடம் போனேன். "சார், எனக்கு கவுன்சிலிங்குக்கு நேரமாச்சு. பைலை மட்டும் கொடுத்துருங்க, நான் போறேன்."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் மாறியது. "விருந்தினர் வந்து யாருக்குக் கொடுப்பாரு? உன் நாற்காலி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? வாங்க வந்த பிள்ளைக்கு இம்புட்டு அவசரம் ஆகாது. போய் உக்காரு."

எங்களைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காக நடக்கிற விழாவில், கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்னது அகங்காரமாகிவிட்டது. நான் போய் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் கண்ணீர் வந்துவிட்டது. போட்டோகிராபர் உடனே ஓடிவந்து அதையும் ஒரு படம் எடுத்தார். முன் வரிசையில் ஒரு பெண்மணி "பாவம், அப்பன் நெனப்பு வந்துருச்சு போல" என்று உச்சுக் கொட்டினாள்.

அப்பன் அப்போது மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேரமாகிறதே என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தார். நான் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த நடை. யாரும் தடுக்கவில்லை, மண்டபத்து வேலையாள் என்று நினைத்திருப்பார்கள். மேடையில் ஏறி, மேஜையில் இருந்து என் பைலை எடுத்தார்.

செயலாளர் பாய்ந்து வந்தார். "யாருய்யா நீ? கீழ இறங்கு!"

மைக் ஆனில்தான் இருந்தது. அப்பாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அந்தா வாசல்ல எழுதி வச்சிருக்கீயள்ல, செத்துப் போனவன்னு. அது நாந்தான்."

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைவரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா என்னைப் பார்த்து, "எந்திரிட்டி" என்றார். நான் எழுந்தேன். நான் அழுதபோது மறுபடி என் கையைப் பிடித்திருந்த சுந்தரபாண்டியத்துப் பெண் அதை விட்டுவிட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. நான் அவளிடமிருந்து எதையோ திருடியிருந்தேன்.

"இந்தப் பிள்ளைக்கும் இன்னைக்குத்தான் கவுன்சிலிங்" என்றேன் அப்பாவிடம். அவர் ஒவ்வொரு பைலாகப் போட்டோவைப் பார்த்து அவளுடையதையும் எடுத்தார். "வாரியா தாயி?" என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் மேடையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்தாள். பின்னால் செயலாளர், "ஏமாத்துக்காரக் கும்பல், இதுகளுக்கெல்லாம் உதவி ஒரு கேடா" என்று மைக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதியை இறக்கிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியிருந்த லோடு ஆட்டோவின் பின்னால், மிச்சமிருந்த பேல் கட்டுகளின் மேல் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அப்பா முன்னால். கூட்டாளி வண்டியை விரட்டினார். அந்தப் பெண் என்னோடு பேசவே இல்லை. ஆனால் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் அப்பா அத்தனை பேருக்கு முன்னால் உயிரோடு எழுந்து வந்துவிட்டார் என்ற சந்தோஷம்.

கல்லூரியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கலந்தாய்வு அறையில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். வயதானவர், காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். நாங்கள் பெயரைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எப்பவோ வாசிச்சாச்சும்மா. எத்தனை தடவை கூப்பிடுறது? படிக்கணும்னு அக்கறை இருந்தா நேரத்துக்கு வரமாட்டீங்களா? அரசாங்கக் கல்லூரின்னா எப்ப வேணும்னாலும் வரலாம்னு நெனப்பு. சீட்டு எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். போங்க."

நான் என் பைலை மேஜை மேல் வைத்தேன், அவளும் தன்னுடையதை வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிடத்தான் கையை நீட்டினார். அட்டையில் கண் விழுந்தது. சிவப்பு எழுத்தை வாசித்தார். பக்கத்துப் பைலையும் பார்த்தார். அதிலும் அதே வரி.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேருக்கும் அப்பா இல்லையாம்மா?" குரல் அப்படியே இறங்கிவிட்டது. "உக்காருங்க. முதல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

வந்து சேராத யாரோ ஒரு பையனின் கெமிஸ்ட்ரி இடம் ஒன்று இன்னும் நிரப்பாமல் இருந்தது என்றார். காமர்ஸ் முடிந்துவிட்டது, எகனாமிக்ஸ் தரலாம் என்றார். பேனாவைத் திறந்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. உயிரோடு இருக்கிற லோடுமேனின் மகள் நேரம் கழித்து வந்தால் அக்கறை இல்லாதவள். செத்துப்போன லோடுமேனின் மகள் நேரம் கழித்து வந்தால் பாவப்பட்ட பிள்ளை. இடையில் எங்கள் மார்க் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அவர் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். "கூட வந்திருக்கிறது யாரும்மா?"

என் அப்பா கதவுக்குள் ஒரு காலை வைத்து நின்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மண்டபம் முழுக்கக் கேட்க, செத்தவன் நான்தான் என்று சொன்ன மனிதர். அவர் பேராசிரியரின் கையில் திறந்திருந்த பேனாவைப் பார்த்தார். பைல் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பக்கத்து வீடுங்க சார்" என்றார். "பிள்ளைக்குத் துணைக்கு வந்தேன்."

சொல்லிவிட்டு, உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டார்.

எனக்குக் கெமிஸ்ட்ரி கிடைத்தது. வெளியே வந்தபோது அப்பா கேட் பக்கம் வேப்ப மரத்தடியில் நின்று கூட்டாளியிடம் சத்தமாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன். சுந்தரபாண்டியத்துப் பெண் மண்டபத்தை விட்டு வந்தபிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "எங்கப்பா உசுரோட இருந்திருந்தா அவரும் பக்கத்து வீடுன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றாள். அவளுக்குக் காமர்ஸ் கிடைக்காத வருத்தத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது அவள் முகத்தில்.

அறக்கட்டளை எனக்கு ஒன்றும் தரவில்லை. ஏமாற்றியவர்கள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அவளுக்கும் நிறுத்திவிட்டார்கள், மேடையை விட்டு இறங்கியதற்காக. அம்மா யூனிட்டில் இருந்து வெட்டின துணியைக் கட்டாக வீட்டுக்கு எடுத்துவந்தும் தைத்தாள். அப்பா மில் லாரிகளுக்கும் லோடு ஏற்றப் போனார். நாங்கள் இருவரும் எப்படியோ படித்துவிட்டோம். வெட்கங்கெட்ட அறக்கட்டளைக்காரர்கள், மறு வருஷத்து பிளக்ஸில் எங்கள் இருவரின் முகத்தையும் போட்டு, "எங்கள் உதவியால் கல்லூரி சென்றவர்கள்" என்று எழுதிவைத்திருந்தார்கள். நான் அழுதபோது எடுத்த படம். அதை நான் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் "நீயா இது?" என்றாள். இல்லை என்றேன்.

படித்த மூன்று வருஷமும் அப்பா கல்லூரிக்குள் வரவில்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மா வருவாள், பொட்டும் தாலியுமாக. அந்தப் பேராசிரியர் பார்த்துவிடுவாரோ என்று அவள் தூணுக்குப் பின்னால் உட்காருவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அவர் அறை வரைக்கும் போயிருக்கிறேன். சீட்டு போய்விடுமோ என்ற பயம் முதலில். பிறகு அவர் என்னிடம் காட்டுகிற அன்பு போய்விடுமோ என்ற பயம். நான் லேபில் நன்றாகச் செய்தால் "அப்பா இருந்தா எம்புட்டு சந்தோசப்படுவாரு" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பணிவு என்று நினைத்தார்.

பட்டமளிப்பு நாளில் பிடிவாதமாக அப்பாவைக் கூட்டிப்போனேன். இனி யாரும் என் பட்டத்தைப் பிடுங்க முடியாது. சலவைச் சட்டை போட்டு, அந்தக் கலந்தாய்வு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் பெயரை வாசித்தபோது மட்டும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்களாம்.

முடிந்ததும் நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், விழாவுக்கு என்று வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானே அன்னைக்கு இந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது? பக்கத்து வீட்டுக்காரர்!" என்று இரண்டு கைகளாலும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார்," என்றேன். மூன்று வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "இவர் பக்கத்து வீடு இல்ல சார். இவர்தான் என் அப்பா."

பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கையை வைத்தார்.

"ஆமாம்மா" என்றார். "பெத்தாத்தான் அப்பாவா? இவ்வளவு செஞ்சவரை அப்பான்னு சொல்லத் தோணுதே, அதுதாம்மா படிப்பு."

நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார். பேராசிரியரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பி, "எல்லாம் பிள்ளையோட அப்பா செஞ்ச புண்ணியம் சார்" என்றார்.